கடைசி வருட மாணவரைக் கொழும்புக் கம்பனி எந்தக் கண்ணால் பார்க்கிறது?

இலங்கையில் எழுதப்படும் சிவிகளில் பெரும்பாலானவை ஒரே வசனத்தில்தான் முடியும்: “மேலே தரப்பட்ட விபரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மையானவை எனவும் சரியானவை எனவும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.” அதன் கீழே புள்ளிக்கோடு, திகதி, கையொப்பம். அரசாங்க விண்ணப்பப் படிவங்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். தனியார் கம்பனியில் சிவி பார்க்கிற ஆள் அந்த வரியில் கண்ணை வைப்பதே இல்லை. ஆனால் அவருடைய தலையிடி முழுவதும் அந்த வரிக்குள்தான் கிடக்கிறது. இந்தப் பிள்ளை எழுதியிருப்பது உண்மையா? உண்மை என்றால் அதை நான் எப்படி அறிவது?

பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் வேலை தேடத் தொடங்கும் நம்முடைய பிள்ளைகள் இந்தக் கேள்வியின் பக்கம் போவதில்லை. ஆங்கிலம் போதுமா, ஜி.பி.ஏ. போதுமா, லிங்க்ட்இன் படத்துக்குக் கோட் போட வேண்டுமா என்று எல்லாம் தங்கள் பக்கத்துக் கவலைகள். சில வருடங்கள் விண்ணப்பங்களைப் பிரித்துத் தெரிவு செய்யும் மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மேசைக்கு அந்தப் பக்கம் ஓடுவது வேறு கணக்கு. அங்கே இருப்பவர் கெட்டிக்காரரைத் தேடுவதைவிடத் தவறான ஆளை எடுத்துவிடக்கூடாது என்ற பயத்தில்தான் அதிக நேரம் இருக்கிறார். ஆறு மாதம் பழக்கி, சம்பளமும் கொடுத்து, கடைசியில் சரிவராத ஆளை அனுப்ப வேண்டி வந்தால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கலாம். பட்டதாரியை அப்படிப் பார்க்க முடியாது. இந்தச் சிக்கலைத்தான் 1973இல் மைக்கல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் எடுத்து ஆராய்ந்தார். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு உள்ளே இருக்கும் திறமை தெரியாது, வெளியே தெரியும் அடையாளங்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்த அடையாளம் நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமென்றால் அதைப் பெறுவது திறமை குறைந்தவருக்குக் கூடுதல் கடினமாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சுலபத்தில் கிடைக்கிற அடையாளம் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. தகவல் சமமில்லாத சந்தைகள் பற்றிய ஆய்வுக்காக 2001இல் ஜோர்ஜ் அக்கர்லொஃப், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் ஸ்பென்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஐம்பது வருடம் பழைய இந்தக் கோட்பாடு இன்றைக்குக் கொழும்பில் ஏன் பொருந்துகிறது என்றால், அடையாளங்கள் ஒவ்வொன்றாக மலிந்து வருகின்றன. முன்பு ஒரு பட்டமே பெரிய அடையாளம். இப்போது கொழும்பு, மொறட்டுவை, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி என்று சுற்றிவரப் பல்கலைக்கழகங்கள். மாலபேயில் எஸ்.எல்.ஐ.ஐ.டி., ஹோமாகமையில் என்.எஸ்.பி.எம்., வெள்ளவத்தையில் ஐ.ஐ.டி. என்று கட்டணம் கட்டிப் படிக்கும் நிறுவனங்கள். போதாததற்கு யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், வவுனியாவிலிருந்து இரவு பஸ் ஏறி வருகிற பட்டதாரிகள். பட்டம் வாசலைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். அடுத்ததாக இணையக் கற்கைச் சான்றிதழ்கள் வந்தன. ஒரு வார இறுதியில் மூன்று எடுக்கலாம். அவையும் மலிந்தன. பிறகு 2022 நவம்பர் முடிவில் சட்ஜிபிடி வந்தது, விண்ணப்பக் கடிதம் என்ற அடையாளம் கிட்டத்தட்ட ஒரே வருடத்தில் செத்துப்போனது. நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுவது முன்பெல்லாம் உழைப்பு. இன்றைக்கு எல்லோருடைய கடிதமும் ஒரே வாசனை அடிக்கிறது.

ஆகவே இப்போது விலை போகிறவை மலிவாகச் செய்ய முடியாத சாமான்கள்தான். ஒன்று, கண்ணால் பார்க்கக்கூடிய வேலை. மற்றது, பொறுப்போடு “இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்” என்று சொல்லும் ஒரு மனிதர். மூன்றாவது, எதிரில் இருந்து கதைக்கிற பதினைந்து நிமிடம். கடைசி வருடத்தில் ஒரு மாணவர் தன்னை எடுத்துக் காட்டுவது என்பது இந்த மூன்றையும் தயார் செய்வதுதான்.

ரியூசன் படிப்பித்ததை ஏன் எழுதவில்லை?

கணினி படிக்கிறவர்களுக்கு முதலாவது சுலபம். செய்த வேலையை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டு இணைப்பைக் கொடுத்தால் பார்க்கிறவர் திறந்து பார்ப்பார். மாணவர்களைத் திறந்த மூல மென்பொருளுக்கு, அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்கு, நிரல் எழுத வைக்கக் கூகிள் 2005இல் தொடங்கிய சமர் ஒஃப் கோட் திட்டத்தின் முதல் பத்து வருடங்களில் உலகிலேயே அதிக மாணவர்களைத் தந்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அப்படி எழுதுகிற நிரலை முகம் தெரியாத அனுபவசாலிகள் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்கிறார்கள். அதனால் அந்த ஒரு வரி பத்துச் சான்றிதழுக்குச் சமம். கணக்கியல் படிக்கிறவர்களுக்குப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகளோ, முகாமைத்துவக் கணக்கியலுக்கான பிரித்தானியத் தகைமையான சீமாவோ அதே வேலையைச் செய்யும். பட்டம் முடிய முன்னரே சில கட்டங்களைத் தாண்டியவர் என்றால் அதற்குள் உழைப்பு தெரிகிறது.

சிக்கல் கலைப்பீட மாணவருக்கும், முகாமைத்துவ மாணவருக்கும், விஞ்ஞானப் பாடம் படித்துவிட்டு வேறு துறைக்கு வர நினைப்பவருக்கும்தான். அவர்கள் “என்னட்டைக் காட்ட ஒண்டும் இல்லை” என்பார்கள். இதை நான் நம்புவதில்லை. வடக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்த மாணவர்களோடு கொஞ்சம் கதைத்தால் தெரியும், உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் கிடைக்கும்வரை காத்திருந்த காலத்தில் பலர் ஊரில் ரியூசன் படிப்பித்திருக்கிறார்கள். வீட்டு விறாந்தையில் நாலு பிள்ளைகளோடு தொடங்கி, நேரசூசி போட்டு, நோட்ஸ் தயாரித்து, பெற்றோரோடு கதைத்து, மாதாமாதம் காசு சேர்த்து, பாதியில் நின்ற பிள்ளையின் வீட்டுக்குப் போய் ஏன் என்று விசாரித்து, பரீட்சை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். விற்பனை, வாடிக்கையாளர் சேவை, கணக்கு, கடினமான விடயத்தை விளங்கப்படுத்துதல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. சிவியில் அது இருக்காது. கேட்டால், “அது சும்மா ரியூசன்தானே சேர்” என்பார்கள். அதே சிவியில் “கடின உழைப்பாளி, குழுவாக இயங்கும் ஆற்றல் உள்ளவர்” என்று மூன்று வரி இருக்கும்.

இன்னொன்றையும் கிட்ட நின்று பார்ப்போம். ஒரு முகாமைத்துவ பீட மாணவி தமிழ்ச் சங்கத்தின் பொருளாளர் என்று வையுங்கள். அவர் எழுதுவது: “பொருளாளர், தமிழ்ச் சங்கம், 2024.” இதிலிருந்து வாசிப்பவருக்குக் கிடைப்பது ஒரு பதவிப் பெயர் மட்டும். உண்மையில் நடந்தது என்ன? நாடக விழாவுக்கு அனுசரணை கேட்டு வெள்ளவத்தைக் கடைகளில் ஏறி இறங்கினார். மண்டபத்துக்கு முற்பணம் கட்ட வேண்டிய நாளில் கையில் பாதிதான் இருந்தது, அச்சகக்காரரோடு கதைத்து டிக்கெட் அச்சடித்த காசை விழாவுக்குப் பிறகு தருவதாக ஒத்துக்கொள்ள வைத்தார். முடிந்ததும் பற்றுச்சீட்டுகளோடு கணக்கு எழுதிப் பொதுக்கூட்டத்தில் வைத்தார், மிச்சக் காசு அடுத்த குழுவுக்குப் போனது. இதை மூன்று வரியில் எழுதலாம்: எத்தனை அனுசரணையாளர், மொத்தம் எவ்வளவு காசு கையாண்டார், எந்த நெருக்கடியை எப்படிச் சமாளித்தார், கணக்கை யார் சரிபார்த்தார். வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ இருக்கிற ஒருவர் அதை வாசித்தால் அடுத்த கேள்வி தானாக அவர் வாயில் வரும். கேள்வி கேட்க வைக்கிற வரிதான் நல்ல வரி. தொகைகளைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை, சின்னத் தொகையென்றாலும் சரியான தொகை என்றால் நம்பிக்கை வரும்.

தன்னைப் பற்றித் தானே சொல்வது நமக்குக் கூச்சமான விடயம் என்பது உண்மை. தற்பெருமை கூடாது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அதனால் நேர்முகப் பரீட்சையிலும் குழு வேலை பற்றிக் கேட்டால் “நாங்கள் செய்தோம், நாங்கள் சமர்ப்பித்தோம்” என்றே போகும். அங்கே இருப்பவர் குழுவை வேலைக்கு எடுக்கவில்லை. “ஐந்து பேர் செய்தோம், கேள்விக்கொத்தைத் தயாரித்ததும் முப்பது பேரிடம் போய் நிரப்பியதும் நான்” என்று சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை, அது விபரம்.

சிவியில் இருக்கிற சில்லறைச் சிக்கல்கள்

பெயரில் தொடங்குவோம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். பன்னாட்டுக் கம்பனிகளின் இணையப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அப்பாவின் பெயரைப் போடுகிறோம், பிறகு நேர்முகத்துக்கு அழைக்கிறவர் “ஹலோ” சொல்லி அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார். இது சிரிப்போடு போகும். போகாதது எழுத்துக்கூட்டல். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பட்டச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, லிங்க்ட்இன்னில் ஸ்டைலுக்காக மூன்றாவது மாதிரி. பின்னணி சரிபார்க்கும் கம்பனிக்கு அவர்கள் மூன்று ஆட்கள். சான்றிதழில் வரப்போகும் ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே தெரிந்துகொண்டு, மின்னஞ்சல் முகவரி உட்பட எல்லா இடத்திலும் அதையே வைத்திருப்பது நல்லது.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சிவியில் போடுவது இன்னொரு பழக்கம். அந்த இலக்கத்தின் முதல் பகுதி பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும், பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் சரி, 2016இலிருந்து வரும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் சரி இதுதான் முறை. அதாவது வயதும் பாலும் அந்த ஒரு வரியிலேயே போய்விடுகின்றன, அதுவும் அந்தப் பிடிஎஃப் யார் யார் வாட்ஸ்அப்பில் சுற்றும் என்று தெரியாமல். வேலை உறுதியானதும் கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம். மதம், விவாக நிலை, அப்பாவின் தொழில் ஒன்றும் தேவையில்லை. ஓ.எல். (சாதாரண தர) பெறுபேறு முழுவதையும் அட்டவணை போட வேண்டாம். விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் ஒரு வரியில் சொல்லலாம், சில வங்கிகள் இன்னமும் அதைப் பார்க்கின்றன.

கன்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்தில் செய்த இரண்டு நிரல் சிவிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. “ஜாவா 80 வீதம், தலைமைத்துவம் 90 வீதம்” என்று நிறப்பட்டிகள். தலைமைத்துவத்தின் மிச்சப் பத்து வீதம் எங்கே கிடக்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? பெரிய கம்பனிகள் விண்ணப்பங்களை வாசிக்கப் பாவிக்கும் மென்பொருள்கள் சிலவேளை இந்த நிரல்களையும் படங்களையும் குழப்பி வாசிக்கின்றன என்பது தனி விடயம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, ஒரே நிரல், ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

பழைய பத்திரிகை விளம்பரங்களில் “விண்ணப்பிக்கும் பதவியைக் கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் குறிப்பிடவும்” என்று போட்டிருப்பார்கள். இன்றைக்கு அந்த மூலை மின்னஞ்சலின் தலைப்பு வரி. அது வெறுமையாக வந்து, உள்ளே ஒரு சொல்லும் இல்லாமல், “சிவி நியூ ஃபைனல் 2” என்ற கோப்பு மட்டும் இணைந்திருந்தால் திறக்கவே மனம் வராது. டொப்ஜொப்ஸ் என்ற வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் படமாக இருக்கும், படத்தை முழுக்க வாசித்தால் எந்தப் பெயரில், எந்தத் திகதிக்குள், எப்படி அனுப்ப வேண்டும் என்று அதற்குள்ளேயே இருக்கும். பாதிப் பேர் வாசிப்பதில்லை.

பரிந்துரைப்பவர்கள் இருவர், உறவினர் அல்லாதோர். பீடாதிபதியின் பெயரைப் போட்டால் கனதி என்று நினைக்கிறார்கள். அவருக்கு உங்களைத் தெரியாது என்றால் தொலைபேசி எடுத்ததும் அது தெரிந்துவிடும். ஆய்வை மேற்பார்வை செய்த இளம் விரிவுரையாளர், பயிற்சிக் காலத்தில் மேலே இருந்தவர், இவர்கள் இரண்டு நிமிடம் உண்மையாகப் பேசுவார்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்காமல் போட்டால் “யார் அது?” என்பார்கள்.

கொழும்பில் ஆள் இல்லாதவர்கள்

“கொழும்பில ஆள் இருந்தால்தான் வேலை” என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. முழுப்பொய் இல்லை. கொழும்பின் றோயல், சென் தோமஸ் கல்லூரிகள் மோதும் கிரிக்கெட் பிக் மெட்ச் 1879இலிருந்து நடக்கிறது, மார்ச் மாதத்தில் அங்கே கூடாரங்களுக்குள் இருக்கும் பழைய மாணவர்களில் எத்தனை பேர் எந்தெந்தக் கம்பனியின் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கும். ஆனால் “ஆள்” என்றால் யார் என்பதில்தான் நாங்கள் பிழை விடுகிறோம். மாமாவையும் சித்தப்பாவையும் நினைக்கிறோம்.

மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் பொஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில் அண்மையில் வேலை மாறியவர்களைச் சந்தித்துக் கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை அறிந்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்றார். அடிக்கடி என்றவர்கள் 16.7 வீதம் மட்டும். 55.6 வீதமானோர் எப்போதாவது என்றார்கள், 27.8 வீதமானோர் அரிதாக. இந்த ஆய்வும் 1973இலேயே வெளியானது. காரணம் எளிது. நமக்கு மிக நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். வேறு வட்டத்தில் இருப்பவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும். 2022இல் லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து வெளியான ஆய்வொன்றும், ஓரளவு பழக்கமுள்ள, நெருக்கமில்லாத தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின என்று கண்டது.

இதை நம் நிலைமைக்குக் கொண்டுவந்தால், யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்து கொழும்பில் சொந்தக்காரர் இல்லாத பிள்ளைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பட்ச் முன்னால் முடித்த அண்ணாமார், அக்காமார். பயிற்சிக் காலத்தில் பக்கத்து மேசையில் இருந்தவர். துறைக்கு விருந்தினராக வந்து பேசிவிட்டுப் போன முகாமையாளர். வட பகுதியின் பெரிய பள்ளிக்கூடங்கள் பலவற்றின் பழைய மாணவர் சங்கங்களுக்குக் கொழும்புக் கிளை உண்டு, அவற்றின் கூட்டங்களில் இளைஞர்கள் குறைவு என்று அவர்களே குறைப்படுகிறார்கள். போய்ப் பாருங்கள், நாற்காலி அடுக்க உதவினாலே நாலு பேரைத் தெரியவரும்.

கேட்கிற விதம் முக்கியம். பெரும்பாலும் வருகிற செய்தி இப்படி இருக்கும்: “அண்ணா, வேலை தேடுறன். உங்கட கம்பனியில ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ. சிவி அனுப்பியிருக்கிறன்.” இதற்கு அவர் என்ன பதில் எழுதுவார்? “சரி தம்பி, பார்க்கிறன்.” அத்தோடு முடிந்தது. அவருக்கும் சங்கடம், ஏனென்றால் வேலை கொடுக்கிற அதிகாரம் அவரிடம் இல்லை. இதையே வேறு மாதிரி எழுதலாம்:

“வணக்கம் அண்ணா. நான் உங்கட டிப்பார்ட்மென்ட்தான், இப்ப கடைசி வருசம். நீங்கள் கடன் பிரிவில இருக்கிறதா லிங்க்ட்இன்ல பார்த்தன். என்ர ஆய்வு, சின்னக் கடைக்காரர் எடுத்த கடனை எப்பிடிக் கட்டுகினம் எண்டதைப் பற்றி. உங்கட பிரிவுக்குப் புதுசா வாற ஆட்களுக்கு முதல் ஆறு மாதம் என்ன வேலை குடுப்பினம் எண்டு அறிய விருப்பம். உங்களுக்கு வசதியான ஒரு நாள் பத்து நிமிசம் கதைக்கலாமா?”

அவரால் கொடுக்க முடிந்ததைத்தான் இந்தச் செய்தி கேட்கிறது. பத்து நிமிடம் கதைத்தபின் அந்தப் பிள்ளையைப் பற்றி அவரிடம் ஒரு அபிப்பிராயம் இருக்கும். இரண்டு மாதம் கழித்து அவருடைய பிரிவில் ஒரு இடம் வரும்போது “ஒரு பிள்ளை கதைச்சது, பரவாயில்லை” என்று சொல்லும் அளவுக்கு அது போதும். வேலை கேட்காமல் கேட்ட செய்தி என்று இதைக் கள்ளத்தனமாக நினைக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த மரியாதைதான் இது. கதைத்த பிறகு ஒரு நன்றிச் செய்தி, வேலை கிடைத்தால் அதையும் ஒரு வரியில் சொல்வது. இதைச் செய்கிறவர்கள் குறைவு என்பதாலேயே செய்கிறவரை ஞாபகம் இருக்கும்.

நிற்பாரா, போவாரா?

வேலை தருகிறவரின் மிச்சப் பயம் திறமையைப் பற்றியது இல்லை. “எடுத்தால் நிற்பாரா” என்பது. அதற்கு நாட்டு நிலைமையே காரணம். அரசாங்கம் பட்டதாரிகளைத் தொகையாக உள்வாங்குவது இங்கே அவ்வப்போது நடக்கும். 2020இல்கூடப் பல்லாயிரம் பேர் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுக்கப்பட்டார்கள். அந்தக் கடிதம் வந்ததும் தனியார் வேலையை விட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனவர்களை ஒவ்வொரு மனிதவள அதிகாரியும் பார்த்திருக்கிறார். பிறகு 2022 வந்தது. நாடு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது, அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு போனார்கள். கணினித் துறையிலும் கணக்கியலிலும் மேசைகள் காலியானதை இருந்தவர்கள் மறக்கவில்லை.

எனவே “ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்” என்ற கேள்வி உண்மையில் “அரசாங்க நியமனம் வந்தால் ஓடிவிடுவீர்களா, கனடாவில் யார் இருக்கிறார்கள்” என்ற கேள்விதான். பெண் பிள்ளைகளிடம் கலியாணத்தைப் பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்பதும் அதே சந்தேகத்தின் அசிங்கமான வடிவம், அதற்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை, “வேலையைத் திட்டமிட்டுத்தான் வந்திருக்கிறேன்” என்று பேச்சை மாற்றலாம். மற்றக் கேள்விக்கு, “சாகும்வரை உங்களோடுதான்” என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முதல் இரண்டு வருடத்தில் அந்த இடத்தில் என்ன கற்க நினைக்கிறீர்கள் என்று குறிப்பாகச் சொன்னால் நம்புவார்கள், ஏனென்றால் அந்தக் கம்பனியைப் பற்றி வாசிக்காமல் அதைச் சொல்ல முடியாது.

மொழி பற்றி ஒன்று. கொழும்பு நேர்முகப் பரீட்சை ஆங்கிலத்தில் தொடங்கி, நடுவில் சிங்களத்தில் ஒரு பகிடி வந்து, திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும். சிங்களம் தெரியாதது குறையென்று நினைத்து நம் பிள்ளைகள் ஒடுங்கிப்போகிறார்கள். கொஞ்சம் தெரிந்தால் நல்லது, படிக்கிறேன் என்று சொல்லக்கூடியதாக இருந்தாலும் நல்லது. ஆனால் தங்களிடம் இருக்கும் தமிழைச் சிவியின் அடியில் “தமிழ்: தாய்மொழி” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வடக்கிலும் கிழக்கிலும் கிளை திறந்தன. தொலைபேசிக் கம்பனிகளின் சேவை இலக்கங்கள் மூன்று மொழியிலும் பதில் சொல்கின்றன. தலைமை அலுவலகமோ கொழும்பில், அங்கே தமிழ்ப் படிவத்தைச் சரிபார்க்க ஆள் இல்லை. அதனால்தான் விளம்பரப் பலகையிலும் பொருட்களின் லேபலிலும் அந்தத் தமிழ் கிடந்து சிரிக்கிறது. மூன்று மொழியிலும் வேலை செய்யக்கூடியவர், ஒரு அறிவித்தலை ஆங்கிலத்திலிருந்து வாடிக்கையாளருக்கு விளங்குகிற தமிழில் எழுதக்கூடியவர் என்று சிவியின் மேற்பகுதியிலேயே போடலாம். கம்பனியின் இணையப் பக்கத்துத் தமிழைத் திருத்தி ஒரு தாளில் கொண்டுபோய்க் காட்டினாலும் குற்றமில்லை, குரல் மட்டும் பணிவாக இருக்கட்டும்.

பெறுபேறும் சம்பளமும்

அரசப் பல்கலைக்கழகங்களில் கடைசிப் பரீட்சைக்கும் பெறுபேறுக்கும் இடையில் மாதங்கள் ஓடும், பட்டமளிப்பு விழா அதற்கும் பிறகு. கொவிட்டாலும் 2022ஆல் வந்த இழுபறியாலும் சில அணியினர் தனியார் பல்கலைக்கழகத்தில் படித்த தம் வயதினரைவிட வருடக்கணக்கில் பிந்தித்தான் முடித்தார்கள். சான்றிதழ் கையில் வரட்டும் என்று காத்திருப்பது வீண். “பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது” என்று மாதத்தையும் போட்டு விண்ணப்பிக்கலாம், கேட்டால் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் எடுக்கலாம். உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்தைக் கொழும்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக் கம்பனிக்கு இணையவழி வேலைக்கு விண்ணப்பித்தால் ஒரு வரி எழுதுங்கள், அவர்களுக்கு நம் நாட்டு வரிசை தெரியாது.

எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்கு “நீங்கள் பார்த்துத் தாங்கோ” என்பது நல்ல பதில் இல்லை. மேலே சொன்ன அண்ணாமாரிடம் கேட்டுவைக்க வேண்டிய விடயங்களில் இதுவும் ஒன்று. சொல்லும்போது கையில் வருவதையும் மொத்தத்தையும் பிரித்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழியும், கம்பனி 12 வீதம் போடும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி இன்னொரு 3 வீதம் போடும். கணக்குக்கு 80,000 ரூபாய் என்று வைத்தால் 6,400 கழிந்து 73,600 கையில் வரும், கம்பனி தன் பக்கத்தில் 12,000 கட்டும். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய் வரைக்கும் வருமான வரி இல்லை, ஆகவே முதல் சம்பளத்தில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கவலை வராது. சேமலாப நிதி தகுதிகாண் காலத்துக்கும் உண்டு. “ஆறு மாதம் கழிந்த பிறகுதான் போடுவோம்” என்று யாராவது சொன்னால் அது சட்டம் இல்லை.

நியமனக் கடிதத்தில் சிலவேளை ஒப்பந்தக் காலம் ஒன்று இருக்கும், இத்தனை வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று. தொகையும் காலமும் எழுத்தில் என்ன இருக்கிறது, கம்பனியே உங்களை நிறுத்தினாலும் கட்ட வேண்டுமா, மாதம் போகப் போகத் தொகை குறைகிறதா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட ஒரு நாள் அவகாசம் கேட்பதில் தவறில்லை. கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, இப்படி ஒன்றை ஏற்கனவே வாசித்த யாருக்காவது காட்டிவிட்டு, அடுத்த நாள் காலையில் போய்க் கொடுக்கலாம்.